வெள்ளைத் திட்டும் பி-டௌவும்: அம்மாவின் மறதிக்கு எது காரணம்?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. ஒன்றரை வருடமாக மறதி. சொன்னதையே திரும்பச் சொல்கிறார், கணக்கு வழக்கில் தடுமாறுகிறார், நடையும் கொஞ்சம் மெதுவாகிவிட்டது. பல வருடங்களாக பிரஷர் உண்டு. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "நாள்பட்ட நுண்நாள மாற்றங்கள், ஃபஸேகாஸ் 2" என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தில் பி-டௌ 217 பார்த்ததில் "இடைநிலை" என்று வந்தது. ஒரு மருத்துவர் ரத்தநாளக் கோளாறு என்கிறார், இன்னொருவர் அல்சைமர் ஆரம்பம் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். 70 வயதைத் தாண்டியவர்களிடம் கெட்டித்துப்போன நுண்நாளங்களும் அல்சைமரின் புரதப் படிவும் ஒரே மூளையில் சேர்ந்திருப்பது சாதாரணம். டிமென்ஷியாவோடு (அன்றாட வாழ்வையே குலைக்கும் அறிவாற்றல் சிதைவோடு) இறந்த முதியவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, ஒரே நோய் தனியாக இருந்தவர்களைவிட இரண்டு மூன்று கலந்திருந்தவர்களே அதிகம் என்று தெரிந்தது. அதனால் இதுவா அதுவா என்று மல்லுக்கட்ட வேண்டாம். மறதியில் எதன் பங்கு எவ்வளவு, அதில் எதை இப்போதே தடுக்கலாம் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கையிலிருக்கும் ரிப்போர்ட்டுகளே பாதி பதிலைத் தரும்.

முதலில் எம்.ஆர்.ஐ. வரியைப் பார்ப்போம். ஃபிளேர் என்ற வரிசையில் எடுத்த படத்தில் மூளையின் உள்ளறைகளில் உள்ள நீர் கறுப்பாகவும், பாதிக்கப்பட்ட வெண்பொருள் (மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் தொகுதி) பளிச்சென்று வெளுத்தும் தெரியும். ஃபஸேகாஸ் குழுவினர் 1987இல் வகுத்த அளவுகோல் இந்த வெளுப்பை இரண்டு இடங்களில் தனித்தனியாக எடைபோடுகிறது. உள்ளறைகளை ஒட்டிய பகுதியில், அறையின் முனைகளில் தொப்பி வைத்ததுபோலவோ ஓரத்தில் பென்சில் கோடு இழுத்ததுபோலவோ இருந்தால் 1. வழவழப்பான பட்டையாகச் சூழ்ந்திருந்தால் 2. ஒழுங்கில்லாமல் ஆழம்வரை பரவியிருந்தால் 3. ஆழத்து வெண்பொருளில் தனித்தனிப் புள்ளிகள் என்றால் 1, புள்ளிகள் ஒட்டத் தொடங்கியிருந்தால் 2, பெருந்திட்டாகக் கலந்துவிட்டால் 3. ரிப்போர்ட்டில் ஒரே எண் மட்டும் இருந்தால் அது எந்த இடத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள். அறையோரத்துப் பென்சில் கோடு இந்த வயதில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். ஆழத்தில் 2 என்பது அப்படி ஒதுக்கிவிடக் கூடியதல்ல.

ஃபஸேகாஸ் எண்ணோடு ரிப்போர்ட் நின்றுவிட்டால் அது பாதி ரிப்போர்ட்தான். இன்னும் இரண்டைத் தேட வேண்டும். ஒன்று லகூன்: 3 முதல் 15 மில்லிமீட்டர் அளவில், நீர் நிறைந்த சிறு குழி. நுண்நாளம் ஒன்று அடைபட்டுப்போன இடத்தின் தழும்பு. பெரும்பாலும் அது நடந்ததே நோயாளிக்குத் தெரிந்திருக்காது. இன்னொன்று நுண்கசிவு: 2 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான கரும்புள்ளி, பழைய ரத்தத்தின் இரும்புக் கறை. ஃபிளேரில் இதைப் பார்க்க முடியாது, சி.டி. ஸ்கேனிலும் தெரியாது. எஸ்.டபிள்யூ.ஐ. அல்லது ஜி.ஆர்.இ. என்ற வரிசையைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். எடுக்காத ஸ்கேனில் "நுண்கசிவு இல்லை" என்று எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது.

நுண்கசிவில் எண்ணிக்கையைவிட இடம் அதிகம் பேசும். பேசல் கேங்லியா, தாலமஸ், மூளைத்தண்டு போன்ற ஆழ்பகுதிகளில் இருந்தால் நெடுநாள் ரத்த அழுத்தத்தின் வேலை. மூளையின் மேற்புற மடல்களில் மட்டும், குறிப்பாகப் பின்பக்கமாக இருந்தால், அல்சைமரின் புரதமான அமிலாய்டு நாளங்களின் சுவரிலேயே படிந்து சுவரை நொறுங்கவைத்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் புள்ளிகள் ரத்தநாள நோய், அல்சைமர் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சாட்சி.

வெண்பொருள் ஏன் முதலில் அடிபடுகிறது? மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஆழத்து வெண்பொருளுக்கு ரத்தம் கொண்டுபோவது மூளையின் மேற்பரப்பிலிருந்து நேராக உள்ளே இறங்கும் நீண்ட, மெல்லிய நுண்தமனிகள். ஒன்று அடைத்தால் பக்கத்து நாளம் கைகொடுப்பது அங்கே அரிது. வருடக்கணக்கில் அழுத்தம் கூடியிருந்தால் அவற்றின் சுவர் தடித்து, நெகிழ்வு போய், உள்விட்டம் சுருங்குகிறது. சுவரின் தடுப்பு தளர்ந்து ரத்தத்தின் கூறுகளும் கசிகின்றன. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை மெலிகிறது. செய்தி போய்ச்சேரும், ஆனால் தாமதமாக. அம்மாவின் நடை மெதுவானதற்கும் இந்தத் தாமதம் ஒரு காரணமாக இருக்கலாம். நுண்நாள நோய் நடையிலும் யோசிக்கும் வேகத்திலும்தான் முதலில் முகம் காட்டும்.

அல்சைமர் வேறு இடத்தில் தொடங்குகிறது. அமிலாய்டு பீட்டா என்ற புரதம் செல்களுக்கு வெளியே திட்டுகளாகப் படிகிறது. டௌ என்ற புரதம் செல்லுக்குள் முறுக்கிக்கொண்டு சிக்கலாகிறது. 1991இல் ப்ராக் இணையர் காட்டியபடி, டௌ சிக்கல் பொட்டுமடலின் உட்புறத்தில், ஹிப்போகேம்பஸுக்கு வாசல்போல இருக்கும் என்டோரைனல் புறணியருகே தொடங்கி, பிறகு ஹிப்போகேம்பஸுக்கும், கடைசியில் மூளைப்புறணி முழுக்கவும் பரவுகிறது. புதிய நினைவைப் பதித்துவைக்கும் பகுதியே முதலில் மாட்டிக்கொள்கிறது. நினைவாற்றல் சரிவோடு நெருக்கமாக ஒத்துப்போவது இந்த டௌதான். அமிலாய்டு அதற்குப் பல வருடங்கள் முன்பே படியத் தொடங்கி, அறிகுறி தெரியும் நேரத்தில் பெரும்பாலும் படிந்து முடிந்திருக்கும்.

அதனால் அமிலாய்டு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மறதிக்கு அதுதான் பொறுப்பு என்று சொல்லிவிட முடியாது. 2015இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நினைவாற்றல் இயல்பாக இருப்பவர்களிலேயே 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், 90 வயதில் சுமார் 44 சதவீதம் பேருக்கும் அமிலாய்டு படிந்திருந்தது. வெள்ளைத் திட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். படத்தில் தெரிவது இருப்பைச் சொல்லும். அது என்ன செய்கிறது என்பதை அம்மாவை உட்காரவைத்துச் சோதித்துத்தான் அறிய முடியும்.

"இடைநிலை" என்றால் என்ன? பி-டௌ 217 என்பது டௌ புரதத்தின் 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஒட்டிய வடிவம். மூளையில் அமிலாய்டு கூடும்போது ரத்தத்தில் இது கூடுகிறது. இதற்கு ஒரே வெட்டுப்புள்ளி வைத்தால் தவறுகள் அதிகம் என்பதால் இரண்டு வைக்கிறார்கள்: கீழ் எல்லைக்குக் கீழே இருந்தால் அமிலாய்டு இருக்க வாய்ப்பு குறைவு, மேல் எல்லைக்கு மேலே போனால் வாய்ப்பு அதிகம், நடுவில் விழுந்தால் முடிவு சொல்வதற்கில்லை. சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்த நடுப்பட்டையில் விழுவார். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் அனுமதித்த முதல் ரத்தப் பரிசோதனை, பி-டௌ 217க்கும் அமிலாய்டு பீட்டா 42க்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. அதுவும் 55 வயதுக்கு மேற்பட்ட, அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். நல்ல நினைவோடு இருப்பவர் பயத்தில் செய்துகொள்வதற்கான பரிசோதனை அல்ல அது.

நடுப்பட்டையில் விழுந்த எண்ணை மேலேயோ கீழேயோ தள்ளக்கூடிய விஷயங்களை முதலில் பாருங்கள். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் பி-டௌ பொய்யாகக் கூடும். நெடுநாள் பிரஷர் உள்ளவருக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருப்பது சகஜம். ஆகவே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியாட்டினினும் இ.ஜி.எஃப்.ஆர்.-உம் இல்லாமல் இந்த எண்ணைப் படிக்கவே கூடாது. உடல் எடை மிக அதிகமானால் எண் சற்றுத் தாழும். ஒவ்வொரு கம்பெனியின் பரிசோதனைக்கும் வெட்டுப்புள்ளி வேறு. ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிட்டு "ஏறிவிட்டது" என்று கலங்க வேண்டாம். சிறுநீரகம் நன்றாக இருந்தும் எண் நடுவிலேயே நின்றால், அடுத்த படி மூளையில் படிந்த அமிலாய்டைப் படமாகக் காட்டும் பெட் ஸ்கேன் அல்லது முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரில் அமிலாய்டு 42/40 விகிதம். இந்த இரண்டும் எல்லோருக்கும் தேவைப்படாது. பதில் தெரிந்தால் சிகிச்சை மாறும் என்றால் மட்டும் செய்யலாம்.

இனி முக்கியமான பகுதி, நினைவுச் சோதனை. ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் செலவிடும் கவனத்தில் பாதிகூட இதற்குக் கிடைப்பதில்லை என்பது என் மனக்குறை.

ஐந்து சொற்கள் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கழுத்து, கம்பளி, நூலகம், தாமரை, நீலம். அம்மா இரண்டு முறை திருப்பிச் சொல்கிறார். ஐந்து நிமிடம் வேறு வேலை கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கிறோம். "கழுத்து, நீலம்..." என்று நின்றுவிடுகிறார். பெரும்பாலான இடங்களில் "2/5" என்று எழுதி மூடிவிடுவார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அடுத்து ஒரு துப்புக் கொடுக்க வேண்டும்: "ஒன்று பூவின் பெயர்." உடனே "தாமரை" என்றால், சொல் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். "ஒன்று துணிவகை", "கம்பளி". இப்படித் துப்புக்குத் துப்பு சொல் வந்தால், முன்மடலுக்கும் ஆழ்பகுதிகளுக்கும் இடையிலான இணைப்புகள் மந்தமாகியிருப்பதையே அது காட்டுகிறது. நுண்நாள நோயின் சாயல் அது. மாறாக, பூ என்று சொல்லியும் வெறித்துப் பார்க்கிறார், "மல்லிகை, ரோஜா, தாமரை, இதில் எது?" என்றால் தயங்காமல் "ரோஜா" என்கிறார், சொல்லாத சொற்களையும் சொன்னதாகச் சேர்க்கிறார் என்றால், பதிவே நிற்கவில்லை. அது ஹிப்போகேம்பஸ் பக்கக் கோளாறு. அல்சைமர் சந்தேகம் வலுக்கிறது.

மோகா என்ற 30 மதிப்பெண் சோதனையில் இந்தத் துப்புக்கான இடம் தாளிலேயே இருக்கிறது. துப்பால் கிடைத்த சொல்லுக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள். அதே தாளில் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைப்பது, கடிகாரம் வரைவது, ஏழு ஏழாகக் கழிப்பது ஆகியவற்றில் அதிகம் இழந்திருக்கிறாரா, சொல் நினைவில் இழந்திருக்கிறாரா என்று பாருங்கள். மொத்த மதிப்பெண் ஒன்றாக இருந்தும் உள்ளே இருக்கும் கதை வேறாக இருக்கலாம். மோகா தெளிவில்லாமல் விட்டால், 16 சொற்களைத் துப்போடு கற்பித்துத் துப்போடு கேட்கும் விரிவான சோதனையை நரம்பு உளவியலாளர் செய்வார்.

இந்தச் சோதனையைக் கெடுப்பவை சில: காது சரியாகக் கேட்காமல் "கம்பளி"யை "அம்புலி" என்று வாங்கிக்கொண்டவர் நினைவில் தோற்றவர் ஆகமாட்டார். கண்ணாடி இல்லாமல் வந்தவர், முந்தைய இரவு தூங்காதவர், பள்ளிப்படிப்பு குறைந்தவர், தாய்மொழியில் கேட்கப்படாதவர், மனச்சோர்வில் இருப்பவர், இவர்கள் எல்லோருக்கும் மதிப்பெண் நிஜத்தைவிடக் குறைவாக வரும்.

துப்பு வைத்துப் பிரிப்பது கத்தி வைத்து வெட்டியதுபோல் இருக்காது. தாலமஸின் முன்பகுதியில் ஒரே ஒரு சிறு அடைப்பு வந்தால் அல்சைமர்போலவே பதிவு நிற்காமல் போகும். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட நாளில் திடீரென்று தொடங்கும். 80 வயதைக் கடந்தவர்களிடம் டி.டி.பி.-43 என்ற மூன்றாவது புரதம் ஹிப்போகேம்பஸைச் சுருக்கி, அமிலாய்டு இல்லாமலே அல்சைமர் வேஷம் போடும். லேட் என்ற பெயரில் 2019இல்தான் இதை முறையாக வரையறுத்தார்கள். அம்மாவுக்கு 72 என்பதால் இது பட்டியலில் கீழேதான்.

சரி, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? இதற்குப் பழையதானாலும் கண்ணைத் திறக்கும் சான்று அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளிடம் நடந்த ஆய்வு. 1997இல் வெளியான அந்த முடிவுகளில் 102 சகோதரிகளின் மூளை ஆராயப்பட்டது. 61 பேருக்கு அல்சைமர் மாற்றங்கள் போதுமான அளவு இருந்தன. அவர்களுக்குள், பேசல் கேங்லியா, தாலமஸ், ஆழ்வெண்பொருள் ஆகிய இடங்களில் லகூன் இருந்தவர்கள் உயிரோடு இருந்தபோது டிமென்ஷியாவில் விழுந்திருந்த வாய்ப்பு, அடைப்பே இல்லாதவர்களைவிடப் பல மடங்கு. மீதி 41 பேரில், அதாவது அல்சைமர் அளவை எட்டாதவர்களில், அடைப்புக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பு பலவீனமாகவே இருந்தது. புரதப் படிவைத் தாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த மூளையை ஒன்றிரண்டு சிறு அடைப்புகள் கவிழ்த்துவிட்டன.

பின்னால் வந்த ஸ்கேன் ஆய்வுகள் பெரும்பாலும் சொல்வது, இரண்டும் தனித்தனி வழியில் சேதம் செய்து கூட்டுத்தொகையாக விளைகின்றன என்பதே. டௌ நினைவுப் பதிவை அரிக்கிறது. வெண்பொருள் சேதம் வேகத்தையும் திட்டமிடலையும் அரித்து, மிச்சமிருக்கும் நினைவை எடுத்துப் பயன்படுத்தும் வலிமையைக் குறைக்கிறது. ஒன்றையொன்று தூண்டுகின்றனவா என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. நுண்தமனிச் சுவரை ஒட்டிய வழியாக அமிலாய்டு வெளியேறுகிறது என்பதால் சுவர் கெட்டித்தால் வடிகால் அடைக்கும் என்று ஒரு தரப்பு கருதுகிறது. மறுபக்கம், மூளையின் பின்பகுதியில் தெரியும் வெள்ளைத் திட்டுகளில் ஒரு பங்கு அல்சைமராலேயே வருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு: மரபணு மாற்றத்தால் இளவயதிலேயே அல்சைமர் வரும் குடும்பங்களில், அறிகுறி தொடங்குவதற்குச் சுமார் 6 வருடம் முன்பே திட்டுகள் கூடத் தொடங்கியிருந்தன, அவர்களுக்கு முதுமையும் இல்லை, பெரிய பிரஷரும் இல்லை. அதனால் எல்லா வெள்ளைத் திட்டையும் பிரஷரின் தலையில் கட்டுவதும் தவறு. திட்டு முன்பக்கமா பின்பக்கமா என்று கேட்டுவையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு. ஸ்பிரிண்ட் மைண்ட் என்ற ஆய்வில் 9,361 பேரை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மேல் அழுத்தத்தை 140க்குக் கீழேயும் இன்னொரு குழுவுக்கு 120க்குக் கீழேயும் வைக்க முயன்றார்கள். 2019இல் வந்த முடிவு: தீவிரக் குழுவில் லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவும் குறைந்ததுபோல் தெரிந்தது, ஆனால் புள்ளியியல் உறுதி கிடைக்கவில்லை. சுமார் நான்கு வருடத்தில் வெள்ளைத் திட்டின் பருமன் தீவிரக் குழுவில் 0.92 கன செ.மீ. கூடியது, மற்றதில் 1.45. இதை அப்படியே 120 என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்துத் தானியங்கிக் கருவியால் அளந்தார்கள். அவசரத்தில் கிளினிக்கில் எடுக்கும் எண் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். சர்க்கரை நோயாளிகளையும் பக்கவாதம் வந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை.

வீட்டில் அளக்க: கால் தரையில் பதிய, முதுகு சாய்ந்து, கை நெஞ்சு உயரத்தில், வெறும் கையில் பட்டை. ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தபின் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையும் மாலையும் ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரி. பட்டை சிறியதாக இருந்தால் எண் பொய்யாகக் கூடும். ஒருநாளாவது அம்மா எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மருந்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். நடை தளர்ந்த 72 வயதுக்காரர் தலைசுற்றி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் திட்டைக் காத்த பலன் எல்லாம் போய்விடும்.

திட்டு தெரிகிறது என்பதற்காக மட்டும் ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம். பக்கவாதமோ இதயநோயோ வராத முதியவர்கள் 19,114 பேரிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் அது டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை, ரத்தக்கசிவைத்தான் கூட்டியது. ஏற்கெனவே வேறு காரணத்துக்காக எடுத்துக்கொண்டிருந்தால் தானாக நிறுத்தவும் வேண்டாம். நுண்கசிவு எண்ணிக்கையோடு மருத்துவரிடம் பேசுங்கள். எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு), சர்க்கரை, புகை, ஒழுங்கற்ற நாடித்துடிப்பு ஆகியவற்றையும் அதே சந்திப்பில் பார்த்துவிடலாம். பி12, தைராய்டு, சோடியம் பார்க்காமல் விட்டிருந்தால் பார்க்கவும். மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்: சிறுநீர் அடக்கத்துக்கான ஆக்ஸிபியூட்டினின், அமிட்ரிப்டிலின், பழைய வகைச் சளி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், இவை ஒவ்வொன்றும் தனியாகவே மறதியைத் தரும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் தூக்கப் பரிசோதனை. காது மந்தமானால் கருவி.

அமிலாய்டை அகற்றும் லெகானெமாப், டோனனெமாப் மருந்துகளைப் பற்றி இரண்டாவது மருத்துவர் பேசக்கூடும். லெகானெமாபின் 18 மாத ஆய்வில், நினைவையும் அன்றாடச் செயல்பாட்டையும் எடைபோடும் 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி அளவுக்குச் சரிவு குறைந்தது. இழந்த நினைவு திரும்பவில்லை. மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மூளை வீக்கமும், 17.3 சதவீதம் பேருக்கு நுண்கசிவு உள்ளிட்ட ரத்தக்கசிவும் ஸ்கேனில் தெரிந்தன. அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் ஆபோஇ4 மரபணு இரண்டு பிரதி இருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். நான் மேலே எஸ்.டபிள்யூ.ஐ.யை இவ்வளவு வலியுறுத்தியது இதனால்தான். பயன்பாட்டு வழிகாட்டுதலின்படி நான்குக்கு மேல் நுண்கசிவு, இரண்டுக்கு மேல் லகூன், ஃபஸேகாஸ் 3, மூளை மேற்பரப்பில் இரும்புக் கறை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்த மருந்து கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் அப்படியே. அம்மாவின் ஃபஸேகாஸ் 2 இந்தக் கதவை மூடவில்லை, ஆனால் நுண்கசிவு எண்ணிக்கை தெரியாமல் அதைத் தட்டவும் முடியாது.

அடுத்த சந்திப்புக்கு ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் அடங்கிய சி.டி. வட்டையும் எடுத்துப்போங்கள். அதோடு இ.ஜி.எஃப்.ஆர்., ஏழு நாள் பிரஷர் தாள், மாத்திரைப் பட்டியல், துப்புப் பகுதியும் நிரப்பிய மோகா தாள். மறதி முதலில் தெரிந்தது எப்போது, படிப்படியாகவா திடீரென்றா, நடை மாறியது அதற்கு முன்பா பின்பா என்று தேதிவாரியாக அரைப்பக்கம் எழுதிவையுங்கள். பி-டௌவை உடனே மறுபடி எடுக்க வேண்டாம்; முதலில் சிறுநீரகக் கணக்கும் துப்புச் சோதனையும் வரட்டும். துப்புக் கொடுத்தும் சொல் வராமல், சிறுநீரகமும் நன்றாக இருந்தால் பெட் ஸ்கேன் அல்லது தண்டுவட நீர் பற்றி அன்றே பேசிவிடுங்கள். துப்புக்குச் சொல் வந்துவிட்டால், பிரஷரை ஒழுங்குபடுத்தி ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து அதே சோதனையை அதே மொழியில் மீண்டும் செய்து ஒப்பிடலாம்.